அதுன்னா வாசனை, இதுன்னா நாத்தமா?

முன்கூட்டியே ஒரு டிஸ்கி: இது சரக்கு பற்றிய பதிவு. குடிக்காதவர்கள் பாதியிலேயே ஓடிவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்ததும் பார்த்தால் குடிக்காதவர்களும் படிக்கவேண்டிய சமாச்சாரம் நிறைய வந்துவிட்டது. உங்கள் இஷ்டம் :-)

போன மாதம் இங்கே ஸ்கார்பரோவில் ஒரு நண்பர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. வழக்கம்போல மாடியில் கேக், குழந்தைகள், பிரியாணி. வழக்கம்போலவே கீழே பேஸ்மென்ட்டில் ஆண்கள், சிப்ஸ், சிங்கிள் மால்ட். நான் கையில் ஒரு ரம் பாட்டில் கொண்டுபோயிருந்தேன். ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஜமைக்காவில் ட்ரிலானி மாவட்டத்துக்காரர். ஊருக்குப் போய் வந்தபோது வாங்கிவந்த ஹாம்ப்டன் எஸ்டேட் ரம். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஒரு நெடி பரவியது. அன்னாசி, அழுகிய வாழைப்பழம், நெயில் பாலிஷ், கொஞ்சம் பெயின்ட் கடை.

ஒரு நண்பர் (நல்ல மனுஷன், பத்து வருஷப் பழக்கம்) மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன சார் இது, பட்டச் சாராயம் மாதிரி நாறுது? உங்க ஊரு சரக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்து இன்னொருவர் போனில் பாட்டில் பெயரைத் தட்டிப் பார்த்து விலையைச் சத்தமாகப் படித்தார். நூறு டாலருக்கு மேல். அவ்வளவுதான், அதே நண்பர் கிளாஸைத் திரும்ப எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், "ம்ம்ம்... ட்ராபிகல் ஃப்ரூட்ஸ், ஒரு காம்ப்ளெக்ஸிட்டி இருக்கு" என்றார். ஐந்து நிமிஷத்தில் ரம் மாறிவிடவில்லை சார். அப்படியேதான் இருந்தது.

உங்க ஊரு சரக்கு என்றால் எந்த ஊர் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பங்காருபேட்டை. வெள்ளைக்காரன் காலத்தில் போரிங்பேட்டை. பெங்களூர் போகிற ரயிலில் நம் ஆட்கள் தூங்கிக்கொண்டே கடந்துபோகிற ஜங்ஷன். அங்கேயிருந்து ஒரு கிளைப்பாதை மாரிக்குப்பம் வரை போகும், அதுதான் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபோது வடாற்காடு பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் எங்கள் ஆட்கள். என் நைனாவின் தாத்தா குடியாத்தத்திலிருந்து போனவர். நைனா சாம்பியன் ரீஃப்பில் கடைசிவரை வேலை பார்த்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அடியில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீட்டிலிருந்து பங்காருபேட்டைக்கு வந்தோம். நான் பங்காருபேட்டையிலிருந்து தினம் ரயிலில் பெங்களூர் போய்ப் படித்து, வேலை பார்த்து, இங்கே வந்து சேர்ந்தேன்.

"உங்க ஊரு சரக்கு" என்பதில் இது எல்லாம் இருக்கிறது. லைன் வீடு இருக்கிறது, கூலி இருக்கிறது, சாதியும் இருக்கிறது. சொன்னவருக்கு அது தெரியாது என்று நான் நம்பத் தயார். சிரித்த எனக்குத் தெரியும்.

சரி, ரம்முக்கு வருவோம். முதலில் அது ஏன் அப்படி நாறுகிறது?

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து ஊறவைப்பதுதான் பெரும்பாலான ரம்முக்கு ஆரம்பம். மற்ற ஊர்களில் பாக்கெட் ஈஸ்ட்டைப் போட்டு ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். ஜமைக்காவில் ஹாம்ப்டன் மாதிரி பழைய இடங்களில் (1753இல் தொடங்கிய எஸ்டேட் அது) ஈஸ்ட்டே போடுவதில்லை. மரத்தொட்டியில், அந்தக் கட்டடத்தில் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதைப் பார்த்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஊறும். போன தடவை காய்ச்சி முடித்தபின் கொப்பரையில் மிஞ்சிய புளித்த கழிவையும் அதில் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் டண்டர். இது போதாதென்று மக் பிட் என்று ஒரு குழி. டண்டர், கரும்புச் சக்கை, இன்னும் என்னென்னவோ அதில் கிடந்து அழுகும். அந்தக் குழிச்சாற்றையும் ஊறலில் விடுவார்கள். கேட்கவே குமட்டுகிறதா? என் ஆபீஸ் நண்பர் சொன்னார், அந்தக் குழிப்பக்கம் அவர் சின்ன வயதில் போனாலே அம்மா வீட்டுக்குள் விடமாட்டாராம்.

இதில் ஒரு வேதியியல் வேடிக்கை இருக்கிறது. அழுகலில் வரும் பியூட்டிரிக் அமிலம் என்பது வாந்தியும் கெட்டுப்போன வெண்ணெயும் சேர்ந்த நாற்றம். அதே அமிலம் ஆல்கஹாலோடு கூடினால் ஈதைல் பியூட்டிரேட் ஆகிறது. அதன் வாசனை அன்னாசிப்பழம்! புளித்த அசிடிக் அமிலம் ஆல்கஹாலோடு கூடினால் ஈதைல் அசிடேட், அதாவது நெயில் பாலிஷ். இந்த மாதிரிக் கூட்டுகளுக்குத்தான் எஸ்டர் என்று பெயர். குழி எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு பழவாசனை பாட்டிலில் ஏறும்.

ஜமைக்காக்காரர்கள் இதை அளந்து விற்கிறார்கள். நூறு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு எத்தனை கிராம் எஸ்டர் என்பது கணக்கு. சட்டப்படி உச்சவரம்பு 1600 கிராம். ஹாம்ப்டனில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு குறி உண்டு. எல்.ஆர்.ஓ.கே. என்றால் 200லிருந்து 400, டி.ஓ.கே. என்றால் 1500லிருந்து 1600. டி.ஓ.கே. என்பது குடிப்பதற்கென்று பிறந்ததே இல்லை. 1880களில் ஜெர்மனி ரம் இறக்குமதிக்கு வரியை ஏற்றியதும், சாம்பார்ப்பொடி மாதிரி ஒரு சிட்டிகை போட்டால் ஒரு பீப்பாய் வெறும் ஆல்கஹாலை ரம் போல மணக்கவைக்கும் சரக்கு தேவைப்பட்டது. ஜமைக்கா அதைச் செய்துகொடுத்தது. அப்படி ஒப்பேற்றுவதற்குச் செய்த சரக்கைத்தான் இன்று ரம் ரசிகர்கள் தனியாகப் பாட்டிலில் வாங்கிக் கும்பிடுகிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஊறல் என்ற சொல்லைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. பேப்பரில் வாரம் ஒருமுறை வரும், "ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் அழிப்பு" என்று. வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய், கையில் கிடைத்த அழுகிய பழம், பானையில் போட்டு மண்ணுக்குள் புதைத்து, காட்டு ஈஸ்ட்டில் நாள்கணக்கில் நொதிக்கவிட்டு, பிறகு காய்ச்சி இறக்குவது. ஜமைக்கா மக் பிட்டுக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? ஒன்றுக்கு லைசென்ஸ் இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, செம்புக் கொப்பரை இருக்கிறது, இருநூற்றைம்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. இன்னொன்றுக்குப் போலீஸ் லத்தி இருக்கிறது. 2018இல் ஜமைக்காவின் லாங் பாண்ட் ஆலையில் தீப்பிடித்து சேர்த்துவைத்திருந்த டண்டர் அழிந்தபோது உலகம் முழுக்க ரம் ரசிகர்கள் இழவு காத்தார்கள். நம் ஊரில் பானையை உடைத்து ஊற்றி போட்டோவுக்கு நிற்பார்கள்.

உடனே சட்டையைப் பிடிக்காதீர்கள். பட்டைச் சாராயம் காய்ச்சுவதைக் குடிசைத்தொழில் ஆக்கு என்று நான் கேட்கவில்லை. அளவும் சோதனையும் இல்லாமல் காய்ச்சியது எதுவும் ஆபத்துதான். நான் கேட்பது, அந்த வாசனையை ஏன் அசிங்கம் என்று கற்றுக்கொண்டோம், கற்றுக்கொண்டதால் நமக்கு என்ன ஆயிற்று என்பது.

நைனா குடித்தது பட்டைச் சாராயம்கூட இல்லை. கர்நாடகாவில் அப்போது அரசாங்கம் ஏலம்விட்டு விற்ற பாக்கெட் சாராயம். பால் பாக்கெட் மாதிரி பிளாஸ்டிக்கில் வரும். பல்லால் கடித்து உறிஞ்சுவார்கள். அதில் ஊறலும் இல்லை, பட்டையும் இல்லை. ஆலையில் வடித்த ஸ்பிரிட், தண்ணீர், அவ்வளவே. அதற்கு ஆஸ்பத்திரி பஞ்சு வாசனைதான். 2007 ஜூலை 1ஆம் தேதி அதையும் தடை செய்தார்கள். அம்மா அன்றைக்குச் சாமிக்கு விளக்கேற்றினாள். நியாயம்தான், சம்பள நாளில் டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்று பணத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் அவள்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2008 மே மாதம் பெங்களூர், கோலார், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி என்று விஷச்சாராயச் சாவு. இரண்டு மாநிலத்திலும் சேர்த்து 150 பேருக்கு மேல். அதில் மாலூர் பக்கம் இருந்த என் ஒன்றுவிட்ட மாமா ஒருவர். கூடக் குடித்துப் பிழைத்தவர், ஒரு கண் போனவர், காரியத்துக்கு வந்து உட்கார்ந்து சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "நாத்தமே இல்லப்பா. சுத்தமா இருந்துச்சி. நல்ல சரக்குன்னு நம்பி இன்னும் ரெண்டு கேட்டு வாங்கனோம்."

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விஷச்சாராயத்தில் கொல்வது பெரும்பாலும் மெத்தனால். அது ஊறலில் அழுகிய பழத்திலிருந்து அந்த அளவு வருவதில்லை. தொழிற்சாலைக்குப் போகவேண்டிய மெத்தனாலைக் கடத்திவந்து கலப்பதால் வருகிறது. மூக்குக்கும் நாக்குக்கும் அதைச் சாதாரண ஆல்கஹாலிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனதும் இதே மெத்தனாலால்தான். நாற்றம் அடித்தால் கெட்ட சரக்கு, தெளிவாக, வாசனையில்லாமல் இருந்தால் நல்ல சரக்கு என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்துவிட்டோம். நாறுகிற எஸ்டர் அந்த அளவில் யாரையும் குருடாக்குவதில்லை.

இதையெல்லாம் பேஸ்மென்ட்டில் சொன்னேனா? இல்லை. பொறியியல் படித்தவன், கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நம் சிங்கிள் மால்ட் சிங்கங்கள். உங்களோடு எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. லஃப்ரோய்கை மோந்து பார்த்து "அயோடின், பழைய பேண்டேஜ், கடல்பாசி" என்று கண் சொருகுகிறீர்கள். பேண்டேஜ் வாசனைக்கு இருநூறு டாலர் கொடுக்கலாம், அன்னாசி வாசனைக்குக் கூடாதா? ரம் என்றாலே லாரி டிரைவர் சரக்கு, மிலிட்டரி கேன்டீன் சரக்கு, குளிர்காலத்தில் முட்டையோடு அடிப்பது. இந்த எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? விஸ்கி துரை கிளப்பில் குடித்தது. ரம் தோட்டத்தில் குடித்தது, படகில், பட்டாளத்தில் குடித்தது. எங்கள் தங்கவயலிலும் கிளப் மேட்டில் ஒன்று, லைனில் ஒன்று என்றுதான் இருந்தது. "லிட்டில் இங்கிலாந்து" என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறார்களே, அந்த இங்கிலாந்து கிளப் வாசலோடு முடிந்துவிட்டது.

ஜமைக்காவிலும் அதே கதை. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1845இல் தொடங்கி 1917 வரை சுமார் 36,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள்தான், ஆனால் 1840களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போயிருக்கிறது. அந்தக் கப்பலில் ஏறியவரும் முப்பது நாற்பது வருஷம் கழித்து குடியாத்தத்திலிருந்து நடந்து சுரங்கத்துக்கு வந்தவரும் ஒரே பஞ்சத்தின் பிள்ளைகள். அவர் கரும்பு வெட்டினார், இவர் கல் உடைத்தார். என் ஆபீஸ் நண்பர் வீட்டில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டால் தரையில் வெள்ளை ரம் தெளிப்பார்களாம், குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தேய்ப்பார்களாம். எங்கள் வீட்டில் முனீஸ்வரனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள் என்றேன். "அப்ப நாம சொந்தக்காரங்கதான்" என்று கையைக் குலுக்கினார்.

இந்திய ரம் பற்றியும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் ஒருதலையாகப் போய்விடும். எனக்கு ஓல்ட் மாங்க் பிடிக்கும், 1954லிருந்து நம் ஆட்களின் கல்லூரி விடுதியையே தாங்கி நிற்கும் சரக்கு அது. ஆனால் நம் கடைகளில் ரம் என்று விற்பதில் பெரும்பகுதி, முடிந்தவரை வாசனை போக வடித்த மொலாசஸ் ஸ்பிரிட்டுக்குக் கேரமல் நிறமும் எசன்ஸும் சேர்த்தது. கரும்பைத் தலைமுழுகிவிட்டுப் பிறகு கரும்பு வேஷம் போடுகிறார்கள். வெல்லம் கண்டுபிடித்த நாட்டில் வெல்லத்தில் நல்ல ரம் செய்யக்கூடாது என்று யார் சொன்னது? பெங்களூரின் அம்ருத் கம்பெனி வெல்லத்தில் வடித்த ரம்மைக் கரீபியன் ரம்களோடு கலந்து டூ இண்டீஸ் என்று கொண்டுவந்தது. கலப்பில் ஜமைக்காவும் இருக்கிறது. கிடைத்தால் வாங்கிப் பாருங்கள்.

இனி வரப்போகிற திட்டு எனக்குத் தெரியும். "குடியைப் பெருமைப்படுத்தறியே, உன் வீட்டுப் பொம்பளைங்களைக் கேட்டியா?" கேட்டேன். அதாவது, கேட்காமலே பதில் வந்தது.

அம்மா இந்தக் கோடையில் வந்திருந்தாள். சமையலறை அலமாரியில் ஏலக்காய் தேடும்போது அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறாள். நான் போனபோது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். "இது எங்க நைனா வாசனைடா" என்றாள். தாத்தா குடியாத்தம் பக்கம் பண்ணைக்கூலி, பானைச் சாராயம் குடித்தவர். எனக்கு ஒரே குஷி. பார்த்தீர்களா, ஒரே எஸ்டர், ஒரே வாசனை, என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று உள்ளுக்குள் துள்ளினேன். அம்மா தொடர்ந்தாள்: "இந்த வாசனை தெருமுனையில வந்தாவே நாங்க அஞ்சு பேரும் ஓடிப்போய் புளியமரத்துக்குப் பின்னால நின்னுக்குவோம். எங்க ஆயா மட்டும் வீட்டுக்குள்ள இருக்கும்." பாட்டிலை மூடி வைத்தாள். பிறகு, "எவ்ளோ இது?" என்றாள். சொன்னேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்தாள். "ஆறாயிரமா!" என்று சொல்லிவிட்டு ஏலக்காயைத் தேடப் போய்விட்டாள்.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மாரிக்குப்பத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இருந்தது. பஞ்சசீலத்தில் ஐந்தாவது என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. குடி எங்களை என்ன செய்தது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதனால்தான் சொல்கிறேன், அதைச் சொல்லித் திட்டும் உரிமை அம்மாவுக்கு இருக்கிறது. இருநூறு டாலர் பேண்டேஜ் வாசனையைக் கையில் பிடித்துக்கொண்டு "உங்க ஊரு சரக்கா" என்று கேட்பவருக்கு இல்லை.

இன்னொன்று, அந்தப் பேஸ்மென்ட். ஆண்கள் கீழே, பெண்கள் மேலே, "அங்கிள் ஜூஸ் குடிக்கிறார்" என்று பிள்ளைகளுக்குப் பொய். இது கனடா, உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும். எங்கள் லைனில் எல்லோரும் தெருவில் உட்கார்ந்து குடித்ததால் யார் எவ்வளவு குடித்தார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பேஸ்மென்ட்டில் யாருக்கும் தெரிவதில்லை. யார் வீட்டில் எந்த மகள் புளியமரத்தைத் தேடுகிறாள் என்றும் தெரிவதில்லை. குடிப்பதானால் மேலே வாருங்கள், மனைவி பிள்ளைகள் முன்னால், சாப்பாட்டு மேசையில், இரண்டு ஸ்பூன் ஊற்றி, பேசிக்கொண்டே குடியுங்கள். அப்படிக் குடிக்கமுடியாது என்றால் எதற்குக் குடிக்கிறீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திட்டியாகிவிட்டது. இனி சுவைப்பது எப்படி என்று இரண்டு வார்த்தை. ரே அண்ட் நெஃப்யூ வெள்ளை ரம் இங்கே எல்.சி.பி.ஓ. கடையிலேயே கிடைக்கும், விலையும் பரவாயில்லை. அது 63 சதவீதம், தெரியாமல் ராவாக அடித்தால் தொண்டை போய்விடும். ஒரு டீஸ்பூன் ஊற்றி, சம அளவு தண்ணீர் விட்டு, பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள், ஒரு சாண் தள்ளி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பாருங்கள். முதலில் நெயில் பாலிஷ். அது போனபின் வாழைப்பழம். அப்புறம் எனக்கு வருவது ஜூன் மாத ஸ்ரீனிவாசபுரம் மாங்காய் மண்டி, உதிர்ந்த பழம் வெயிலில் புளித்துக் கிடக்கும் அந்த மூலை. உங்களுக்குப் பண்ருட்டிப் பலா வரலாம்.

கலப்பதென்றால் கோக்கில் ஊற்றி வீணாக்காதீர்கள். இது பெருங்காயம் மாதிரி. ஓல்ட் மாங்க் 45 மில்லிக்கு இது ஒரு டீஸ்பூன், அரை எலுமிச்சை, நிறையச் சோடா. அதைவிட நன்றாக வருவது பானகத்தில். வெல்லம் இரண்டு ஸ்பூன், எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய், ஒரு பெரிய டம்ளர் குளிர்ந்த தண்ணீர், அதில் இருபது மில்லி. பங்காருபேட்டை பானிபூரித் தண்ணீரில் (நிறமே இல்லாமல் தெளிவாக, ஆனால் காரம் உச்சிமண்டைக்கு ஏறுமே, அதேதான்) கலந்தும் பார்த்தேன். தோல்வி. பச்சைமிளகாய் ஜெயித்துவிட்டது.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் கொலு. அது முடிந்த சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள். மேசை மேலேதான் வைப்பேன், சுண்டலுக்குப் பக்கத்தில். அந்த நண்பரையும் கூப்பிட்டிருக்கிறேன். இந்தப் பதிவை அவர் படித்திருந்தால் வருகிறாரா பார்ப்போம் :-)